சாரணர் இயக்கமும் நம் குடியிருப்பும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் நலத் துணைக்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம் குடியிருப்பில் சாரணப் படை ஒன்று தொடங்கலாமா, தொடங்கினால் அதனை யார் நடத்துவது என்பதை ஆராய்ந்து சொல்லுமாறு செயற்குழுவினர் எங்கள் துணைக்குழுவைப் பணித்தனர். ஆறு திங்கள் ஆராய்ந்தோம். கிடைத்த நூல்களைப் படித்தோம். இயக்கத்தில் நெடுங்காலம் தொண்டாற்றிய பெரியோர் சிலரைக் கண்டு பேசினோம். தலைநகரின் பிற பகுதிகளில் ஞாயிறுதோறும் நடைபெறும் பயிற்சிகளையும் சென்று பார்த்தோம். படை தொடங்கலாம் என்பதில் எங்கள் எழுவருக்குள்ளும் கருத்து வேற்றுமை எழவில்லை. எழுந்தது வேறொரு வினா. "தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு படை" என்பது செயற்குழு எங்களிடம் தந்த தீர்மானத்தின் வாசகம். அதிலுள்ள "என்றே" என்னும் சொல்லைத் தாண்ட முடியாமல் பல நாள் நின்றோம். அச்சொல்லை நீக்கிவிட வேண்டும் என்பது எங்கள் முடிவு. செயற்குழுவினரில் சிலர்க்கு இது மனக்குறையைத் தரும் என்பதை அறிவோம். ஆயினும் எங்களை இம்முடிவுக்குக் கொண்டுவந்தது எங்கள் விருப்பமன்று; இயக்கத்தின் வரலாறே. ஆதலின் முதலில் வரலாற்றைச் சொல்லி, அதன் தலைமை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை விளக்கி, பின்னர் நம் குடியிருப்புக்கு வருகின்றோம்.

சாரணர் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரையை நோக்கிச் செல்லும் வழியில் சாரணர் தோன்றி அறமுரைப்பதைச் சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் காண்கின்றோம். அவர் வானில் இயங்கும் ஆற்றல் பெற்ற சமண முனிவர். ஒற்றர் என்ற பொருளிலும் இச்சொல் வழங்கியதுண்டு. ஓரிடத்தில் தங்காது திரிந்து கண்டறிதல் என்னும் கருத்து இரண்டுக்கும் பொதுவாகும். 'ஸ்கவுட்' என்பவன் படைக்கு முன்னே தனியே சென்று வழியையும் நீரையும் பகைவர் நிலையையும் பார்த்து வந்து சொல்பவன். அவனைச் சாரணன் என்றழைத்த தமிழறிஞர் எவராயினும் அவர் காது நல்ல காது என்றே சொல்ல வேண்டும். நிற்க.

இவ்வியக்கத்தின் வித்து விழுந்தது நம் தலைநகருக்கு அண்மையிலுள்ள மீரட்டில் என்றால் சிலர் வியப்படையக்கூடும். ராபர்ட் பேடன் பவல் 1857-ஆம் ஆண்டு பிறந்தவர்; 1876-இல் லக்னோவில் இருந்த 13-ஆம் ஹுஸ்ஸார் குதிரைப்படையில் இளம் அதிகாரியாகச் சேர்ந்தவர். 1897-இல் 5-ஆம் டிராகூன் காவற்படையின் தலைவராக மீரட்டுக்கு வந்தார். அங்கே அவர் தம் வீரர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துத் தடம் பார்த்தல், இருளில் வழி காணுதல், கண்டதைப் பிழையின்றித் திரும்ப வந்து உரைத்தல் ஆகியவற்றைப் பழக்கினார். அப்பயிற்சியின் பயனாக எழுந்த சிறு நூல் 1899-இல் வெளிவந்தது. அது படைவீரர்க்காக எழுதப்பட்டதே ஒழியச் சிறுவர்க்காக அன்று.

அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் மூண்ட போரில் மேஃபெகிங் என்னும் சிற்றூர் முற்றுகைக்குள்ளாயிற்று. 217 நாள் நீடித்த அம்முற்றுகையில், ஊரைக் காத்து நின்ற பேடன் பவலிடம் போதிய ஆட்கள் இல்லை. ஊரிலிருந்த சிறுவர்கள் செய்தி கொண்டுசென்றனர், காவலிருந்தனர், நோயாளர்க்கு உதவினர். பொறுப்பை நம்பிக் கொடுத்தால் சிறுவன் அதனைத் தாங்குவான் என்பதை அவர் கண்ணாரக் கண்டது அங்கேதான். போர் முடிந்து இங்கிலாந்து திரும்பிய பின்னர், தம் படைநூலை ஆசிரியர்கள் சிறுவர்க்குக் கற்பித்து வருவதை அறிந்தார். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரவுன்சீ என்னும் தீவுக்கு ஏறத்தாழ இருபது சிறுவர்களை அழைத்துச் சென்று பாசறை அமைத்தார்.

அப்பாசறையில் இரண்டு செய்திகளை நாம் நோக்குதல் வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளிலிருந்து ஒரு பாதியினரும், உழைப்பாளர் குடும்பங்களிலிருந்து மறு பாதியினரும் வேண்டுமென்றே சேர்த்து அழைக்கப்பட்டனர். வகுப்பு வேற்றுமை மிக்க அந்நாளைய இங்கிலாந்தில் இஃது எளிய செயலன்று. மற்றொன்று, அவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவனாக்கப்பட்டான். அடுத்த ஆண்டு, 1908-இல், சிறுவர்க்கான சாரணநூல் வெளிவந்தது. 1909-இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமியர் சிலர் அழையாமலே வந்து, தாங்களும் சாரணரே என்று நின்றனர். அதன் பயனாக 1910-இல் பெண்களுக்கென 'கைட்ஸ்' இயக்கம் பேடன் பவலின் தங்கை ஆக்னிஸ் அம்மையார் தலைமையில் தோன்றிற்று. அப்பெயரும் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்தில் புகழ்பெற்றிருந்த 'கைட்ஸ்' படையிடமிருந்து எடுத்ததே.

இந்தியாவில் முதல் சாரணப் படையை 1909-ஆம் ஆண்டில் கேப்டன் டி. எச். பேக்கர் பெங்களூரில் நிறுவினார். தொடர்ந்து கிர்கீ, சிம்லா, சென்னை, ஜபல்பூர் முதலிய ஊர்களிலும் படைகள் எழுந்தன. ஜபல்பூரில் 1911-இல் முதல் சாரணியர் குழுவும் தோன்றியது. ஆனால் இவற்றுள் ஐரோப்பியச் சிறுவரும் ஆங்கிலோ இந்தியச் சிறுவருமே சேரலாம். இம்மண்ணின் பிள்ளைகளுக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. தடம் பார்க்கவும் இருளில் வழி காணவும் இந்திய இளைஞர்க்குக் கற்பித்தால், அக்கல்வி நாளை எவர்மீது திரும்புமோ என்ற ஐயம் ஆட்சியாளர்க்கு இருந்தது. மீரட்டில் பிறந்த கலை மீரட்டுச் சிறுவனுக்கு மறுக்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடைத்த கதவின் முன் நம்மவர் நின்று அழுதுகொண்டிருக்கவில்லை. ஷாஜகான்பூரில் பண்டித ஸ்ரீராம் பாஜ்பாய் தாமே ஒரு படையைத் தொடங்கினார். நம் சென்னையிலோ 1916-ஆம் ஆண்டில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தை நிறுவினர். அருண்டேலைப் பிற்காலத்தில் கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவியின் கணவர் என்றே நம்மில் பலர் அறிவோம். அதே 1916-இல்தான் அம்மையார் தன்னாட்சி இயக்கத்தையும் தொடங்கினார். மறு ஆண்டு அருண்டேலுடன் உதகையில் காவலில் வைக்கப்பட்டார். ஆதலின் அவர் வளர்த்த சாரணச் சிறுவனை அரசினர் எந்தக் கண்கொண்டு பார்த்திருப்பர் என்பதை நாங்கள் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அலகாபாத்தில் பண்டித மதன் மோகன் மாளவியரும், பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ருவும், பாஜ்பாயும் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தைக் கட்டினர். திருவிழாக்காலப் பெருங்கூட்டங்களில் வழி தவறியோரையும் நோயுற்றோரையும் காப்பதே அச்சாரணரின் பாடசாலையாக அமைந்தது. காட்டில் தடம் பார்ப்பதைவிடக் கங்கைக் கரைக் கூட்டத்தில் காணாமற்போன குழந்தையின் தாயைத் தேடிப்பிடிப்பது கடினமான சாரணக்கலை என்பது எங்கள் கருத்து.

1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது, பிரிந்து கிடந்த சங்கங்களை ஒன்றாக்கும் முயற்சி நடந்தது. பெசன்ட் அம்மையாரின் சங்கம் இணைந்தது. இந்தியச் சிறுவர்க்கும் கதவு திறந்தது. சேவா சமிதியோ இணையாமல் தனித்தே நின்றது. 1937-இல் தில்லியில் அனைத்திந்தியப் பெருந்திரளணி கூடிற்று. எண்பது வயதை எட்டிய பேடன் பவல் அதற்கு வந்திருந்தார். அவ்வருகையை ஒட்டி, இந்தியரின் குணத்தைப் பற்றி அவர் இழிவாகக் கருத்துரைத்தார் என்ற செய்தி பரவி நாடெங்கும் கசப்பை விளைத்தது. இயக்கத்தைத் தந்தவர் என்பதற்காக அவர் சொன்னதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. பலர் விலகினர்; 1938-இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று. ஆக நாடு விடுதலை பெற்றபோது சாரணர் சங்கம் ஒன்று, ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் ஒன்று, சாரணியர் சங்கம் ஒன்று என இயக்கம் பிளவுபட்டிருந்தது. ஒரே தெருவில் வாழும் இரு சிறுவர் ஒரே முடிச்சைப் போடக் கற்றும் இரு வேறு கொடிகளின் கீழ் நின்றனர்.

இவற்றை இணைத்த வரலாறு நீண்டது, சுருக்கிச் சொல்கின்றோம். பிரதமர் நேருவும் கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத்தும் இணைப்பை விரும்பினர். கல்வித் துறைச் செயலர் தாராசந்த் பேச்சுகளை நடத்திச் சென்றார். ஒரு பக்கம் குன்ஸ்ருவும் பாஜ்பாயும். மறு பக்கம் நீதிபதி விவியன் போஸ். இவர் நாகபுரி உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்து, 1951-இல் உச்சநீதிமன்றம் சென்றவர். நீதிமன்ற விடுமுறையைப் பாசறைகளில் கழித்தவர். 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் இரு சாரணர் சங்கங்களும் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. 1951-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் சாரணியரும் வந்து சேர்ந்தனர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சங்கம் என்பது அந்நாளில் உலகின் பல நாடுகள் எண்ணியும் பாராத ஏற்பாடு. கொடியை உற்று நோக்குங்கள்: கருநீலத் துணியில், சாரணரின் அல்லிமலர்ச் சின்னமும் சாரணியரின் மூவிலைச் சின்னமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்த, நடுவே 24 ஆரமுடைய அசோகச் சக்கரம் விளங்குகின்றது. அச்சின்னத்தில் யாரும் யாரையும் விழுங்கிவிடவில்லை.

குன்ஸ்ரு அவர்களே முதல் தேசிய ஆணையரானார். இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. 1953-இல் அமைக்கப்பட்ட மாநிலச் சீரமைப்புக் குழுவின் மூன்று உறுப்பினருள் அவரும் ஒருவர். சாரணரை ஒன்றாக்கியவரே, மொழியை எண்ணி மாநிலங்களைப் பிரிக்கும் பணியிலும் அமர்ந்தார். மொழிக்கு மாநிலம் வேண்டும், சிறுவனுக்கு ஒரே படை வேண்டும் என்ற இரண்டும் ஒரே மனத்தில் முரணின்றித் தங்க முடிந்தது. நம்முடைய இன்றைய வினாவுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நாங்கள் தேடிக் காணவில்லை.

இனித் தலைமை அமைப்புக்கு வருவோம். மேலிருந்து சொல்லுவதே வழக்கம். குடியரசுத் தலைவர் இயக்கத்தின் புரவலர். மாநிலங்களில் ஆளுநர் புரவலர். தேசியக் கவுன்சில் என்னும் பேரவை உண்டு. இயக்கத்தின் தலைவரும் தலைமைத் தேசிய ஆணையரும் அதன் வழி வருகின்றனர். அன்றாட மேற்பார்வைக்கு நிர்வாகக் குழுவும், இந்திரப்பிரஸ்தத்தில் தலைமை நிலையமும், அதற்கு ஓர் இயக்குநரும் உண்டு. அந்நிலையத்தின் கட்டிடம் லட்சுமி மஜும்தார் அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் 1964 முதல் 1983 வரை தேசிய ஆணையராயிருந்தவர். ஆணும் பெண்ணும் சேர்ந்த இயக்கத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு பெண்மணி நடத்திச் சென்றார் என்பதை இங்குள்ள சிறுமியர் குறித்துக்கொள்வாராக.

மாநிலத்திலும் இதே வடிவம் சிறிய அளவில் அமைகிறது. மாநிலத் தலைவர், மாநிலத் தலைமை ஆணையர், செயலர், அவர்க்குக் கீழ் மாவட்ட ஆணையர். ஆணையர்களுள் சாரணர்க்கு ஒருவரும் சாரணியர்க்கு ஒருவரும் தனித்தனியே உண்டு. மாநிலத் தலைவர் பதவிக்குத் தேர்தலும் நடைபெறும். 2017-இல் தமிழ்நாட்டில் நடந்த அத்தகைய தேர்தல் அரசியல் வட்டாரங்களில் எவ்வளவு பேசப்பட்டது என்பது செய்தித்தாள் படிப்போர்க்கு நினைவிருக்கும். அத்தனை பேச்சும் ஒரு படையின் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியை ஓர் அங்குலமும் முன்னே நகர்த்தியதாகவோ பின்னே தள்ளியதாகவோ எங்களுக்குத் தெரியவில்லை.

மாநிலம் என்ற சொல்லுக்கு இவ்வியக்கத்தில் ஒரு தனிப்பொருளும் உண்டு. ஒவ்வொரு ரயில்வே மண்டலமும் இயக்கத்தின் கணக்கில் ஒரு மாநிலம். கோட்டம் ஒரு மாவட்டம். கேந்திரிய வித்யாலயங்கள் சேர்ந்து ஒரு மாநிலம். ஊர் ஊராக மாற்றலாகிச் செல்லும் பணியாளரின் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கும்போது இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். கரக்பூரில் முதற்படி ஏறிய பிள்ளை, தந்தைக்கு மாற்றல் வந்து புசாவலுக்குச் சென்றால், அங்கே இரண்டாம்படி ஏறலாம். நம்மைப் போன்று பிறந்த மண்ணை விட்டு வந்தவர்க்கென்றே வகுத்தாற்போன்ற அமைப்பு இது. ரயில்வேயில் சாரணர்க்கெனச் சில வேலையிடங்கள் ஒதுக்கப்படுவதையும் பெற்றோர் அறிவர். அதனை மட்டும் எண்ணிப் பிள்ளையைச் சேர்க்க வருவோரையும் நாங்கள் குறை கூறவில்லை. ஏதேனும் ஒரு வாயிலால் உள்ளே வரட்டும்.

இதுவரை சொன்னது மேலேயிருந்து பார்க்கும் பார்வை. உண்மையில் இம்மரம் தலைகீழாக நிற்பது. வேர் மேலேயில்லை, ஆறு அல்லது எட்டுச் சிறுவர் சேர்ந்த அணியில் இருக்கிறது. மயில், புலி என ஏதேனும் ஒரு பறவையின் அல்லது விலங்கின் பெயரைத் தாங்கிய அவ்வணிக்கு ஒரு சிறுவனே தலைவன். அவனுக்கு ஒரு துணைத் தலைவன். நான்கு அணிகள் வரை சேர்ந்தது ஒரு படை. படைக்குப் பொறுப்பான பெரியவர் சாரண ஆசிரியர். ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைகள் குருளையர், பெண்பிள்ளைகள் நீலப்பறவையர். பத்து வயதிலிருந்து சாரணர், சாரணியர். பின்னர் இருபத்தைந்து வயது வரை திரிசாரணர், திரிசாரணியர்.

அணித்தலைவர்கள் கூடும் அவைக்குக் 'கோர்ட் ஆப் ஆனர்' என்று பெயர். மதிப்பு மன்றம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நாங்கள் சென்று பார்த்த ஓரிடத்தில் அம்மன்றம் ஒரு மரத்தடியில் கூடியது. அடுத்த பாசறைக்கு எங்கே செல்வது, தலைக்கு எவ்வளவு தொகை வாங்குவது, தொடர்ந்து மூன்று வாரம் வராத ஒருவனை என்செய்வது என்பன பொருள்கள். பேசியோர் பதின்மூன்று, பதினான்கு வயதினர். சாரண ஆசிரியர் ஓரமாக அமர்ந்திருந்தார். தொகையைப் பற்றிய பேச்சில், மயில் அணியின் தலைவன், தன் அணியில் இருவரால் அவ்வளவு கொடுக்க இயலாது என்று பெயர் சொல்லாமலே சொன்னான். உணவுப் பட்டியலைக் குறைத்துத் தொகையை இறக்கினர். வராத பையனின் வீட்டுக்கு அணித்தலைவன் நேரில் சென்று விசாரிப்பது என்று முடிவாயிற்று. அரை மணி நேரத்தில் மூன்று பொருள்களும் முடிந்தன. நம் செயற்குழுக் கூட்டங்களை எண்ணி நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

படிகளைப் பற்றியும் சில சொற்கள். பிரவேசம் என்னும் நுழைவு, பின்னர் முதல், இரண்டு, மூன்று என மூன்று சோபானங்கள், அதன்மேல் ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேலே குடியரசுத் தலைவர் விருது. குருளையர்க்குப் பொன்னம்பு. இவையெல்லாம் சட்டையில் குத்திக்கொள்ளும் அணிகலன்கள் மட்டுமல்ல. முதலுதவி, சமையல், வரைபடம் படித்தல், முடிச்சு, தொண்டு என ஒவ்வொன்றிலும் தேறிய பின்னரே கிடைப்பவை. நுழையும் சிறுவன் எடுக்கும் உறுதிமொழியில் கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை செய்தல், பிறர்க்கு உதவுதல், சாரண விதிக்குப் பணிதல் ஆகியவை உண்டு. கடவுள் என்று சொல்ல விரும்பாதவர் தர்மம் என்று சொல்லலாம் என்பதும் விதியே. சாரண விதிகள் ஒன்பது. பொதுச் சொத்தைக் காக்க உதவுபவன் சாரணன் என்பது நம் நாட்டார் சேர்த்தது. பேருந்துக் கண்ணாடிகள் படும் பாட்டைக் கண்டவர் அதனைச் சேர்த்தவரை வாழ்த்துவர்.

இனி நம் குடியிருப்பு. இங்கே ஒரு படை முளைத்துக் கருகியதைப் பெரியவர்கள் அறிவர். அண்மையிலுள்ள ஒரு பள்ளியில் ஆர்வம் மிக்க ஆசிரியர் ஒருவர் நடத்திய படையில் நம் பிள்ளைகள் பதினொருவர் இருந்தனர். அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்த திங்களே படை கலைந்தது. பிள்ளைகள் போகவில்லை; அணிகளும் போகவில்லை; ஒரே ஒரு பெரியவர் போனார், அவ்வளவே. மேலே குடியரசுத் தலைவர் வரை அடுக்கடுக்காக அமைந்த ஒரு பேரமைப்பு, கீழே ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்து நிற்க ஓர் ஆளில்லாமல் முறிந்து விழுந்தது.

ஆதலின் எங்கள் முதற் கோரிக்கை பிள்ளைகளைப் பற்றியதன்று, பெரியவர்களைப் பற்றியது. சாரண ஆசிரியர் ஆவதற்கு அடிப்படைப் பயிற்சி உண்டு; அதன்மேல் உயர்நிலைப் பயிற்சியும், இரு மரமணிகளைக் கழுத்தில் அணியும் ஹிமாலய உட்பேட்ஜ் தகுதியும் உண்டு. பாசறையில் சில நாள் தங்க வேண்டும். தரையில் படுக்க வேண்டும். தாமே சமைத்து உண்ண வேண்டும். தேசியப் பயிற்சி நிலையம் மத்தியப் பிரதேசத்துப் பச்மடி மலையில் இருக்கிறது. ஒரு படைக்கு ஓர் ஆசிரியரும் ஒரு துணை ஆசிரியருமாக இருவர் வேண்டும். சாரணியர்க்குப் பெண்மணிகள் இருவர் வேண்டும். நால்வர் கிடைத்தால் தொடங்கலாம். நால்வரும் தமிழராகவே இருக்க வேண்டுமா? இங்கேதான் "என்றே" என்னும் சொல் குறுக்கே வருகிறது.

இயக்கத்தின் விதிப்படி, ஒரு பள்ளியோ நிறுவனமோ தன் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்தும் குழு ஒருவகை; யாவரும் சேரத்தக்க திறந்த குழு மற்றொரு வகை. முன்னதை விரும்புவோர் எங்களிடம் சொன்ன காரணம் வலியது. வாரம் முழுதும் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகின்றனர். வீட்டிலும் தமிழ் தேய்கிறது. சங்கம் நடத்தும் படையிலாவது தமிழ் ஒலிக்கட்டும் என்கின்றனர். இந்த அச்சத்தை நாங்கள் எளிதாக ஒதுக்கவில்லை. எங்கள் குழுவிலேயே இருவர் வீட்டுப் பேரக்குழந்தைகள் தமிழெழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கின்றனர். ஆயின் தமிழைக் காக்கச் சங்கத்தின் சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது, நூலகம் இருக்கிறது, இந்த மேடை இருக்கிறது. சாரணப் படையை அதற்கு வேலியாக நட்டால், அது படையாகவும் நில்லாது, வேலியாகவும் உதவாது. எதிர்வீட்டுச் சர்தார்ஜியின் மகனும், மேல்தளத்து வங்காளிக் குடும்பத்துப் பெண்ணும் நம் பிள்ளைகளுடன் நாள்தோறும் விளையாடுகின்றனர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவர்களைச் சுவர்ப்புறத்தில் நின்று பார்க்கச் சொல்வோமா? அடைத்த கதவின் முன் 1909-இல் நின்றவர் யார் என்பதைச் சற்று முன்னர்ச் சொன்னோம்.

பாசறைத் தீ என்ற நிகழ்ச்சியை நீங்கள் காண வேண்டும். இரவில் தீயைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வோர் அணியும் தன் கலையை நிகழ்த்த வேண்டும் என்பது முறை. அங்கே சர்தார்ஜியின் மகன் பாங்க்ரா ஆடுவான். நம் பிள்ளை என்ன செய்வான்? கும்மியோ, ஒயிலாட்டமோ, ஒரு வில்லுப்பாட்டோ தெரிந்திருந்தாலன்றி அவன் வெறுங்கையோடு அமர வேண்டும். தமிழர் மட்டுமே கூடிய இடத்தில் அவனுக்கு அந்தத் தேவை எழாது. பிறர் கேட்கும்போதுதான் நம் சரக்கை நாம் பெட்டியிலிருந்து எடுக்கின்றோம். 1966-இல் புனே நகரில் உலகச் சாரணியர் மையம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? சங்கம்! ஆறுகள் கூடுமிடம் என்ற பொருளில் வைத்தனர். நாம் புலவர் கூடுமிடம் என்ற பொருளில் வைத்திருக்கின்றோம். இரு பொருளிலும் ஒருவரே கூடிச் சங்கமாவதில்லை.

தேர்வைப் பற்றிய கவலை மற்றொன்று. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளையைப் பத்தாம் வகுப்பில் நிறுத்திவிடுகிறோம். விருதுகளின் மேற்படிகள் சரியாக அவ்வயதில்தான் வருகின்றன. அணித்தலைவனாகும் பக்குவமும் அப்போதே வருகிறது. வாரத்திற்கு இரண்டு மணி நேரம், ஆண்டில் ஒரு பாசறை. இதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. தேர்வுத் திங்கள்களில் அதனையும் மதிப்பு மன்றமே குறைத்துக்கொள்ளும்; அவர்களும் தேர்வு எழுதுவோரே அல்லரோ? பெண்பிள்ளைகளைப் பாசறைக்கு அனுப்பத் தயங்கும் தாய்மார்க்கு ஒன்று சொல்வோம்: சாரணியர் பாசறைக்குப் பெண் தலைவியர் உடனிருப்பர். தாங்களே அப்பயிற்சியைப் பெற்றுத் தலைவியராக வருவதற்கும் தடையில்லை. 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் திருச்சி மாவட்டத்து மணப்பாறையில் நடந்த வைரவிழாப் பெருந்திரளணியில் நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் சாரணரும் சாரணியரும் திரண்டனர். நம் குடியிருப்பில் படை இருந்திருப்பின், நம் பிள்ளைகளும் வடநாட்டுத் தோழரைத் தம் சொந்த மண்ணுக்கு அழைத்துச் சென்று முறுக்கு வாங்கிக் கொடுத்திருப்பர்.

ஆதலின் எங்கள் துணைக்குழுவின் பரிந்துரை வருமாறு. சங்கத்தின் ஆதரவில், குடியிருப்பின் எல்லாப் பிள்ளைகளும் சேரத்தக்க திறந்த குழு ஒன்றைத் தொடங்க வேண்டும். முதலில் ஒரு சாரணப் படையும் ஒரு சாரணியர் குழுவும் போதும்; குருளையரையும் நீலப்பறவையரையும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். குழுவை மேற்பார்க்கும் பெற்றோர் குழுவில் பாதி இடம் தமிழரல்லாத குடும்பங்களுக்கு இருக்கட்டும். சங்கத்தின் மாடியும் பின்புற வெளியும் ஞாயிறு காலை அவர்களுக்கு விடப்பட வேண்டும். கூடாரம் இரண்டும், கயிறும், முதலுதவிப் பெட்டியும் வாங்க ஒரு தொகை வேண்டும். அதன் கணக்கைச் செயலரிடம் தனியே கொடுத்துள்ளோம். செயற்குழு இதனை ஏற்குமாயின், வரும் நவம்பர் 7-ஆம் நாள், இயக்கம் ஒன்றான அந்நாளிலேயே, முதல் அணிகள் கொடியேற்றலாம்.

நால்வர் வேண்டும் என்றோம். இருவர் ஏற்கெனவே பெயர் கொடுத்துள்ளனர். ஒருவர் எங்கள் குழுவினர், மற்றவர் மூன்றாம் பிளாக்கில் வாழும், தமிழ் அறியாத, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. இன்னும் ஓர் ஆடவரும் ஒரு பெண்மணியும் வேண்டும். மண்டபத்தின் வாயிலில், சிற்றுண்டி மேசைக்கு அருகே, பெயர் எழுதும் ஏடு வைக்கப்பட்டுள்ளது. விழா முடியும்வரை அங்கே எங்களில் ஒருவர் இருப்பார்.